நம்பர் கிடைக்கவில்லை

ஜூன் 13, செவ்வாய்

சாயங்காலம் டீ வருவதற்குள் பூட்டு திறந்துவிட்டது. வில்வராசு வைத்த நம்பர். எவ்வளவு யோசித்து வைத்தானோ தெரியாது, அவன் முகம் தொங்கிப்போயிற்று. "எப்படிண்ணே? நான் மனசுக்குள்ள கூடச் சொல்லலயே!" என்றான். உன் மனசை யார் கேட்டார்கள், பூட்டே என்னிடம் சொல்லிவிட்டது என்றேன். இந்த மாதிரி நேரத்தில் கொஞ்சம் அலட்டிக்கொள்வது என் வழக்கம்.

இந்தப் பூட்டு போன வருடம் பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. யாரோ உடைத்துப் போட்ட இரும்புப் பெட்டியின் டயல் பூட்டு. பலகையில் திருகிக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் மற்றவர்கள் சீட்டு ஆடுகிறார்கள், நான் டயல் திருப்புகிறேன். வில்வராசு நம்பர் மாற்றி வைப்பான், நான் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடிப்பேன். உள்ளே ஒன்றும் கிடையாது, திறந்தால் எதிர்ச்சுவர்தான் தெரியும். அறையில் எனக்குப் பூட்டு மாமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போக டிரெயினிங்கா என்று கேட்பவனும் உண்டு. ஊரில் என் பெண்டாட்டி ஜெயராணியும் போனில் அதையேதான் கேட்கிறாள். இதன் சுகம் இவர்களுக்கு விளங்காது.

மத்தியானம் ஆபீசில் மேனேஜர் மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. நான் மெஸ்ஸில் ஃபேன் கழற்றிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

ஜூன் 15, வியாழன்

மேனேஜர் இறந்துபோனார். மிசிரி, அதாவது எகிப்து நாட்டு ஆள், அவ்வளவாகச் சிரிக்க மாட்டார், ஆனால் யார் மேலும் கை நீட்டியதில்லை. அவருடைய மனைவிக்கு எப்படிச் சொன்னார்களோ.

இன்றிலிருந்து வெயில் காலத்து மத்தியான ஓய்வு. பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெளியே யாரும் வேலை செய்யக் கூடாது என்பது இந்த வளைகுடா நாட்டுச் சட்டம். சைட்டும் முகாமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் அறைக்கு வந்து படுத்துவிடுகிறார்கள். நான் முகாமின் எலக்ட்ரீஷியன். எனக்கு வெயில் ஓய்வு இல்லை, ஏசி ஓய்ந்தால்தான் எனக்கு வேலை.

அந்த ஓய்வு நேரத்தில்தான் வில்வராசுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. கமுதிப் பக்கத்து ஆள், கம்பி கட்டுகிற வேலை, என் கட்டிலுக்கு மேல் கட்டில். அவனுடைய தம்பி கோட்டைச்சாமிக்கு மஞ்சள்காமாலை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஈரல் முழுக்கப் போய்விட்டதாம். கூடப் பிறந்தவர் யாராவது தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால் பிழைத்துக்கொள்வானாம், கொடுத்தவருக்கும் திரும்ப வளர்ந்துவிடுமாம். தம்பி பெண்டாட்டிக்கு ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்கு வயசாகிவிட்டது. இருப்பது இவன் ஒருத்தன்தான், இவனுக்கும் தம்பிக்கும் ஒரே ரத்தம்.

"இந்த மாசம் தாண்டாதுங்குறாகண்ணே. நான் போகணும்" என்றான். போடா, யார் வேண்டாம் என்றது என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் நம்பர் மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 16, வெள்ளி

விடுமுறை நாள் அலைச்சலிலேயே போயிற்று. காலையில் முகாமின் பொறுப்பாளர், மலையாளி குஞ்ஞுமோனை வைத்து முதலாளிக்குப் போன் போட்டோம். முதலாளி குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். நல்ல மனிதர்தான். வில்வராசுக்கு லீவு உடனே கொடுத்துவிட்டார், டிக்கெட்டும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். பெட்டியைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. கம்பெனிப் பத்திரங்கள் எல்லாம் உள்ளே இருக்கிறதாம், யாரும் உடைக்கக் கூடாதாம், பெட்டி விற்ற கடையிலிருந்து ஆள் வந்து திறப்பானாம். எப்போது? பெருநாள் விடுமுறை முடிந்து. அதாவது ஜூலை பிறந்து.

வில்வராசுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. முதலாளி பேசுகிற இந்தியும் இங்கிலீஷும் அவன் காதுக்கு நான் மாற்றிச் சொல்வதுதான். 'ஜூலை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெருநாள் கழிச்சு என்று மட்டும் சொன்னேன். அவனும் காலண்டரைப் பார்க்கிறவன்தானே.

பிறகு நம் ஊர்ச் சங்கத்து ஆளைப் போய்ப் பார்த்தோம். பாஸ்போர்ட் தொலைந்துபோனால் ஊருக்குப் போக வேறு தாள் வாங்கலாம் என்றார். தொலைந்துவிட்டது என்று கம்பெனி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறவர் வெளிநாட்டில். அதுவும் போக, இது தொலையவில்லையே. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்காலில் இடிக்கிற தூரத்தில் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வில்வராசு கேட்டான்: "அண்ணே, அது டயல் வச்ச பெட்டிதானே?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லத்தான் பயமாக இருந்தது.

ஜூன் 17, சனி

குஞ்ஞுமோனைச் சம்மதிக்க வைக்க ஒரு பாடு பட்டேன். "துரையே, போலீஸ் கேஸ் ஆயால் ஆரு போகும்? ஞானல்லே போகும்!" என்று, மாட்டப்போவது தான்தான் என்று குதித்தார். கருவி ஒன்றும் எடுக்க மாட்டேன், கீறல் விழாது, விரலால் திருப்புவது மட்டும்தான் என்று சத்தியம் செய்தேன். கடைசியில் வில்வராசு வந்து அவர் முன்னால் நின்றான். அது வேலை செய்தது. "சரி, மத்தியானத்தில் மாத்திரம். ஞான் ஒண்ணும் கண்டிட்டில்ல, கேட்டோ" என்று, தான் எதையும் பார்க்காத மாதிரி ஆபீஸ் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஞானதுரை, இனி விளையாட்டில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெட்டி என் இடுப்பளவு உயரம், சாம்பல் நிறம். கதவில் டயலும் கீழே ஒரு கைப்பிடியும். டயலுக்குப் பின்னால் மூன்று வட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் ஒரு வெட்டு. மூன்று வெட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் பூட்டின் நாக்கு உள்ளே போகும், அதன் பிறகு கைப்பிடி திரும்பும். வெட்டை யாரும் பார்க்க முடியாது. ஆனால் டயலை ஓர் இடத்தில் மெல்ல அசைத்தால் இடப்பக்கம் ஒரு தட்டும் வலப்பக்கம் ஒரு தட்டும் விரலுக்குத் தெரியும். ஏதாவது ஒரு வட்டின் வெட்டு சரியான இடத்துக்கு வந்தால் இந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மயிரிழை அளவு குறையும். அந்த மயிரிழையைத்தான் தேட வேண்டும். வட்டுகளைக் கொஞ்சம் நகர்த்து, தொட்டுப் பார், கட்டம் போட்ட தாளில் புள்ளி வை. மறுபடி நகர்த்து. நூறு எண்ணும் சுற்றி வரவேண்டும்.

முதல் சிக்கல் ஏசி. அது ஓடினால் அறையே நடுங்குகிறது, விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அணைத்தால் தகரக் கூரை கொதிக்கிறது, வியர்வையில் டயல் வழுக்குகிறது. அணைத்துவிட்டுக் கையில் பவுடர் போட்டுக்கொண்டேன். வருடம் முழுக்க ஏசியை ஓடவைக்கப் பாடுபடுகிற ஆள், ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வில்வராசு உள்ளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சே எனக்குத் தொந்தரவாக இருந்தது. வெளியே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

பாதிச் சுற்று ஆயிற்று. ஏழெட்டு இடத்தில் தூரம் குறைகிறது. இத்தனை இடத்தில் குறையக் கூடாது.

ஜூன் 19, திங்கள்

என்னுடைய பயிற்சிப் பூட்டு எவ்வளவு நல்ல பிள்ளை என்று இப்போதுதான் புரிகிறது. இந்தப் பெட்டிப் பூட்டு கள்ளன். என்னைப் போன்றவர்களை ஏமாற்றவே வட்டுகளில் ஆழமில்லாத பொய் வெட்டுகளையும் போட்டு வைத்திருக்கிறார்கள். எது பொய், எது மெய் என்று ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் இந்த வேலையைப் பழகிய வீடியோவில் இதைச் சொல்லியிருந்தார்கள், நமக்கு எதற்கு என்று தாண்டிப் போய்விட்டேன்.

சாயங்காலம் வில்வராசு தம்பியோடு வீடியோவில் பேசினான். என்னையும் காட்டினான். "இவுகதான்டா பூட்டு அண்ணே. இவுக தொறந்துருவாக." கோட்டைச்சாமி முகத்தில் கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு ஊதி, கை குச்சியாக இருந்தது. போன வருடம் கல்யாணம் ஆன பையன். "அண்ணே, மெதுவாத் தொறங்கண்ணே, அவசரமில்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நோயாளி எனக்குத் தைரியம் சொல்கிறான். சீக்கிரம் அனுப்பிவைக்கிறேன்டே என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

ஜூன் 20, செவ்வாய்

பவுடர் தீர்ந்துவிட்டது.

ஜூன் 21, புதன்

ஒரு நம்பர் மெய் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. மற்ற எல்லாப் பள்ளத்தையும்விட ஒரு துளி ஆழம், எத்தனை தடவை திரும்ப வந்தாலும் அதே இடம். கையைத் தட்டினால் குஞ்ஞுமோன் ஓடிவருவாரே என்று தொடையில் தட்டிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் வில்வராசு பிடித்துக்கொண்டான். ஒன்று கிடைத்துவிட்டது, இன்னும் இரண்டு என்றேன். அவன் முகம் மலரும் என்று பார்த்தால், "அஞ்சு நாளைக்கு ஒண்ணுன்னா இன்னும் பத்து நாளாண்ணே?" என்றான். மதுரையில் டாக்டர் இன்று காலையில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருக்கிறாராம். இந்த வாரத்துக்குள் ஆள் வந்து நின்றால்தான் ஆபரேஷனைப் பற்றியே பேசலாம் என்றாராம்.

எனக்கும் தலை வலித்தது, சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. "ஏலே, இதென்ன பந்தியா, உக்காந்ததும் எலயில விழ? கணக்குப் போட்டுக்கிட்டு என் முன்னால வந்து நிக்காத, போ" என்று எரிந்துவிழுந்தேன். போய்விட்டான். அவன் திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவனுக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. முதல் நம்பர் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் வேகமாக வரும். வெள்ளிக்கிழமை முழு நாளும் கையில் இருக்கிறது. வெள்ளி சாயங்காலம் அவன் கையில் பாஸ்போர்ட் இருக்கும். அதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 22, வியாழன்



மத்தியானம் ஆபீசைத் திறந்தேன். பெட்டியின் கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டயலுக்குக் கீழே கதவில் இரண்டு பெரிய நசுங்கல். பெயிண்ட் உதிர்ந்து தரையில் கிடந்தது. காலையில் குஞ்ஞுமோன் காய்கறி வாங்க வண்டியில் போயிருக்கிறார். ஆபீஸ் பூட்டு எப்போதும் போலப் பேருக்குத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டோரில் பெரிய சம்மட்டியின் மரப்பிடி பிளந்து கிடக்கிறது என்று சொன்னார்கள்.

குஞ்ஞுமோன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆராணு செய்தது? ஆராணு?" என்று எல்லோரையும் கேட்டார். எல்லோரும் சைட்டில் இருந்தோம் என்றார்கள். பிறகு அவரே ஒரு துண்டை எடுத்து முதலாளி வந்தால் கண்ணில் படாதபடி கதவின் மேல் தொங்கவிட்டார்.

வில்வராசு இன்று காலையில் உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகவில்லை. வலது கையில் துணி சுற்றியிருந்தான். கேட்டேன். "கம்பி கிழிச்சிருச்சுண்ணே" என்றான்.

நல்ல பெட்டிகளில் நம்பர் பூட்டு மட்டும் இருக்காது. கதவுக்குள்ளே தனியாக ஒரு கொக்கி ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். பூட்டைப் பலமாக அடித்தால் அது விழுந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நம்பர் சரியாகப் போட்டாலும் திறக்காது. திருடன் சம்மட்டியோடு வந்தால் அவன் அடிக்க அடிக்கக் கதவு இறுகட்டும் என்று வைத்தது. எல்லாப் பெட்டியிலும் அது இருக்காது. இது பழைய பெட்டி, இதில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் விழாமல் இருக்கலாம். அப்படித்தான் இருக்கும்.

டயல் நல்லபடியாகச் சுற்றுகிறது. தட்டு முன்பு போலவே கேட்கிறது. உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

ஜூன் 23, வெள்ளி

காலைப் பலகாரம் முடிந்ததும் உட்கார்ந்தேன். வில்வராசு ஆபீஸ் சுவரோரம் ஓரடி நிழலில் குந்தியிருந்தான். குஞ்ஞுமோன் இரண்டு முறை டீ அனுப்பினார், இரண்டும் ஆறிப்போயிற்று.

இரண்டாவது நம்பர் பத்து மணிவாக்கில் வந்தது. மூன்றாவது ஜும்மா தொழுகைக்கு அழைக்கிற நேரத்தில் வந்தது. எது எந்த வட்டுக்கு என்று தெரியாது, ஆறு விதமாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்காவது விதம் போட்டேன். டயலைத் திருப்பிக்கொண்டே வந்தேன், ஓரிடத்தில் மெத்தென்று ஏதோ விழுந்தது. டயலில் கொஞ்சம் கனம் ஏறியது, பிறகு நின்றுவிட்டது. அதற்கு மேல் திரும்பவில்லை. நாக்கு உள்ளே போய்விட்டது. பூட்டு திறந்துவிட்டது.

பொய் வெட்டு போட்ட பூட்டை, வெறும் விரலால், ஒரு வாரத்தில். இந்த வேலை தெரிந்தவன் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பான்.

கைப்பிடியைத் திருப்பினேன். திரும்பவில்லை.

கொஞ்சம் அசைந்து, உள்ளே எதிலோ போய் முட்டியது. இரும்பில் இரும்பு முட்டுகிற சத்தம். இரண்டு கையாலும் முயன்றேன். காலை ஊன்றி இழுத்தேன். டயலைக் கலைத்து மறுபடி நம்பர் போட்டேன், மறுபடியும் அதே மெத்தென்ற சத்தம், மறுபடியும் நாக்கு உள்ளே போயிற்று, மறுபடியும் கைப்பிடி அதே இடத்தில் முட்டியது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியவில்லை. கொக்கி விழுந்துவிட்டது. வியாழக்கிழமை காலையிலேயே விழுந்துவிட்டது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பூட்டு திறந்ததற்கும் கதவு திறக்காததற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

வெளியே அவன் இருந்தான். கதவைத் திறந்து என்ன சொல்வது? நம்பர் கிடைத்துவிட்டதடா, ஆனால் நீ அடித்த அடியில் கதவு பிடித்துக்கொண்டது என்றா? ஒரு நாள் பொறுத்திருந்தால் இந்நேரம் நீ விமானத்தில் இருப்பாய் என்றா? உண்மையைச் சொன்னால் இந்தக் கதவு திறக்கும் என்றால் சொல்லியிருப்பேன். திறக்காது. அவன் தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்?

டயலைச் சுழற்றி நன்றாகக் கலைத்தேன். பூட்டு திறந்தேதான் இருந்தது, கொக்கிதான் பிடித்திருந்தது என்று நாளைக்கு எவனும் பார்த்துச் சொல்லக் கூடாது. புள்ளி வைத்த தாள்களைக் கிழித்து மெஸ் குப்பையில் சோற்றோடு போட்டேன்.

அவன் எழுந்து நின்றான். "கெடச்சிருச்சாண்ணே?"

"இல்லலே. நம்பர் கிடைக்கல" என்றேன்.

ஜூன் 24, சனி

நம்பர் தேடுகிற மாதிரி இன்றும் உட்கார்ந்தேன். இன்றும் சரியான நம்பரைப் போட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கதவை மரக்கட்டையால் பூப்போலத் தட்டினேன், சில நேரம் கொக்கி அதிர்ச்சியில் மேலே ஏறிக்கொள்ளும் என்று எங்கோ பார்த்த நினைவு. ஏறவில்லை. கலைத்துவிட்டு வந்தேன்.

வில்வராசு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, அன்னைக்கு யாரோ அடிச்சாகள்ல. அப்படி அடிச்சா உள்ள எதுவும் கெட்டுப்போகுமா?"

"இம்புட்டுப் பெரிய இரும்புல ரெண்டு அடி அடிச்சா என்ன ஆவும்? ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் பிடிபடல" என்றேன்.

துணி சுற்றிய கையைத் தடவிக்கொண்டே எழுந்தான். பிறகு போய்ச் சாப்பிட்டான். மூன்று நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

ஜூன் 25, ஞாயிறு

நம்பர் போட்டேன். தட்டினேன். கலைத்தேன்.

ஜூன் 26, திங்கள்

கேஸ் கட்டரால் கதவை அறுத்தால் என்ன என்று குஞ்ஞுமோனிடம் கேட்டேன். அறுக்கலாம், உள்ளே இருக்கிற பாஸ்போர்ட் எல்லாம் கரிந்துபோகும் என்றார். அது எனக்கும் தெரியும். வாய் கேட்டுவிட்டது.

முதலாளிக்கு நானே போன் செய்தேன். மனுசனைக் காப்பாற்றுங்கள், யாரையாவது நாளைக்கே அனுப்புங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். அவரும் பதறித்தான் பேசினார். கடைக்கு என் காதில் விழும்படியே இன்னொரு போனில் பேசினார். பெருநாளுக்கு எல்லோரும் ஊர் போய்விட்டார்கள், மூன்றாம் தேதி காலையில் முதல் வேலையாக உங்களுக்குத்தான் என்றார்களாம். யார் மேலும் கோபப்பட வழியில்லை. யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அறையில் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. பலகையில் திறந்த பூட்டு பெட்டியில் திறக்கவில்லையா மாமா என்கிறான் ஒருத்தன். பலகைப் பூட்டுக்குத்தான் மாமா, மற்ற பூட்டுக்கெல்லாம் மருமகன் என்கிறான் இன்னொருத்தன். வில்வராசு எழுந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "அவுக எத்தன நாளு அந்தச் சூட்டுல கெடந்தாகன்னு ஒனக்குத் தெரியுமாடா?" என்று கத்தினான். நான்தான் விலக்கிவிட்டேன்.

ஜூன் 28, புதன்

பெருநாள். பெரிய தட்டுகளில் ஆட்டுக்கறி பிரியாணி வந்தது. கோட்டைச்சாமிக்கு நினைவு தப்பிவிட்டது. மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

வில்வராசு என்னிடம் கேட்டான்: "அவனுக்கு நான் வரலன்னு தோணுமாண்ணே, வர முடியலன்னு தோணுமா?"

ஜூன் 29, வியாழன்

விடியற்காலையில் கோட்டைச்சாமி போய்விட்டான்.

வில்வராசு சத்தம் போட்டு அழவில்லை. மேல் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்குக் கீழே படுக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

இன்று ஆபீசுக்குப் போகவில்லை. இனி அந்த நம்பரால் யாருக்கு என்ன?

ஜூன் 30, வெள்ளி

தகனத்தைப் போனில் காட்டினார்கள். கொள்ளி வைக்க வேண்டிய அண்ணன் இங்கே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், நெட் நின்று நின்று வந்தது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். தம்பி பெண்டாட்டி போனைப் பார்த்து, "மச்சான், நீங்க வருவீகன்னு கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாக" என்றாள். இவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

குஞ்ஞுமோன் எல்லோருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தார். மொட்டை அடித்துவிட ஆள் தேடி, கடைசியில் நானே வில்வராசுக்கு மொட்டை அடித்துவிட்டேன்.

ஜூலை 3, திங்கள்

சொன்னபடி காலையில் முதல் ஆளாக டெக்னீசியன் வந்தார். உருது பேசுகிற ஆள், தாடி வைத்த முரடர், வேலையில் மட்டும் சுத்தம். குஞ்ஞுமோன் தொங்கவிட்டிருந்த துண்டை எடுத்ததும் நசுங்கலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். டிரில் போட்டு ஓர் ஓட்டை, அதில் மெல்லிய கம்பி ஒன்று, பிறகு இன்னொரு ஓட்டை. கம்பியை விட்டு எதையோ நெம்பினார். கைப்பிடி திரும்பியது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அறையிலிருந்து எல்லோரும் வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவுதானா மாமா?" என்று யாரோ சொன்னான். சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

டெக்னீசியன் கதவின் உள்பக்கத்தைத் திருகிக் கழற்றி, விழுந்திருந்த கொக்கியை விரலால் சுட்டிக்காட்டி இந்தியில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். எவன் இதை அடித்தது? அடித்ததால்தான் இது விழுந்தது. அடிக்காமல் இருந்திருந்தால் யாராவது நம்பரைக் கண்டுபிடித்து முன்னமே திறந்திருக்கலாம். புத்தி கெட்டவர்கள். இதை இவர்களுக்குச் சொல்லுங்கள்.

வாசலில் நின்ற தமிழர்களில் இந்தி தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். குஞ்ஞுமோனுக்கும் தெரியும். அவர் என்னையே பார்த்தார்.

வில்வராசு என் பக்கத்தில் வந்து நின்றான். மொட்டைத் தலையில் முடி இன்னும் கறுக்கவில்லை. அவன் கண் அந்தக் கொக்கியின் மேலேயே இருந்தது. "என்னண்ணே சொல்றாரு? அந்தக் கம்பியக் காட்டி என்னமோ திட்டுறாரே."

"கம்பெனிக்காரனத் திட்டுறாரு" என்றேன். "ரொம்ப வருசமா எண்ண போடாம விட்டுட்டாகளாம். அந்தக் கொக்கி துருப்பிடிச்சு எப்பவோ விழுந்து கெடந்திருக்கு. நம்பர் தெரிஞ்சாலும் யாராலயும் தொறந்திருக்க முடியாதாம். டிரில் போட்டாத்தான் உண்டாம்."

"யாராலயும் முடிஞ்சிருக்காதா?"

"யாராலயும் முடிஞ்சிருக்காது."

குஞ்ஞுமோன் குனிந்து பாஸ்போர்ட் கட்டுகளை வெளியே எடுத்தார். பெயர் கூப்பிட்டுக் கொடுக்கத் தொடங்கினார். முதல் பெயராக வில்வராசு பெயரைத்தான் கூப்பிட்டார். அவன் வாங்கித் திறந்து தன் படத்தைப் பார்த்தான், மூடினான். வலது கையில் சுற்றியிருந்த துணி இப்போது இல்லை, உள்ளங்கையில் புதுத் தோல் சிவப்பாக இருந்தது.

பெரிதாக ஒரு மூச்சு விட்டான். இந்தப் பதினெட்டு நாளில் அவன் அப்படி மூச்சு விட்டு நான் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கையை என் தோளில் வைத்தான்.

"நீங்க மனசுல வச்சுக்காதீகண்ணே. ஒங்களுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். அதுக்கு நீங்க என்ன செய்வீக?"

ஆமாம்டே என்றேன்.